வெறும் வயிறு

உலகத்தில் யாராவது ஒருவர் செல்வப்பிரியாவின் கட்டுரையைத் தன் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அவளுடைய கைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வரும். பெரும்பாலும் அவள் தூங்கும்போதுதான் வந்திருக்கும். கண் விழித்ததும், முகம் கழுவும் முன்பே, அதைத் திறந்து ஊர்ப் பெயரைப் பார்ப்பாள். லிமா. நைரோபி. ஹனோய். போகாத ஊர்கள், பார்க்காத மனிதர்கள். அங்கே இப்போது பகலா இரவா, மழையா வெயிலா என்று யோசித்தபடி சற்று நேரம் படுத்திருப்பாள். ஜன்னலுக்கு வெளியே பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வயல்களில் பனி படிந்திருக்கும். தென்னைகளின் தலைகள் மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல் தெரியும். எங்கோ ஒரு விளக்கடியில் உட்கார்ந்து யாரோ தன் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்ற நினைப்பு, கோயிலில் தீபாராதனை பார்த்துவிட்டு வந்தது போன்ற ஓர் அமைதியை அவளுக்குத் தரும்.

அவளுடைய அம்மா சின்னத்தாயி காபியோடு வந்து நிற்பாள்.

“இன்னைக்கு எந்த ஊர்க்காரங்க கண்ணு எழுதியிருக்காங்க?”

“வியட்நாமுங்கம்மா.”

“அங்கெல்லாம் உன்னத் தெரியுது. நம்ம ரேசன் கடைக்காரனுக்குத்தான் தெரிய மாட்டீங்குது. நேத்துக்கூட, ‘உங்க பொண்ணு ஸ்கூல் டீச்சருங்களா?’ன்னு கேக்கறான்.”

செல்வப்பிரியா பாலக்காட்டுப் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் இணைப் பேராசிரியை. அவள் எழுதிய கட்டுரைகள் பல. ரத்தசோகை பற்றி, பள்ளிப் பிள்ளைகளின் கண் பார்வை பற்றி, அட்டப்பாடித் தாய்மார்களின் பிரசவம் பற்றி. அவற்றையெல்லாம் அவளும் அவள் மாணவர்களும் தவிர அதிகம் பேர் படித்ததில்லை. ஒரே ஒரு கட்டுரைதான் கடல் தாண்டிப் போயிற்று.

அது ஆறு வருடங்களுக்கு முன்பு எழுதியது. இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள். எல்லாரும் மெலிந்த பெண்கள். நாள் முழுக்க மலைச்சரிவில் ஏறி இறங்குகிறவர்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது அபூர்வம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருத்திக்கு அளவு கூடுதலாக இருந்தது. உழைத்தும் ஒல்லியாக இருந்தும் ஏன் இப்படி? மலைக்குளிரா, பிறந்தபோதே இருந்த எடைக்குறைவா, பரம்பரையா? பல நாட்டு மருத்துவர்கள் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் எழுதும்போது, முதலில் கண்டு சொன்னவள் என்று செல்வப்பிரியாவின் பெயரைப் போட்டார்கள். மேற்கோள்கள் முந்நூறைத் தாண்டின.

அடுத்த மாதம் பேராசிரியர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. ஒரே இடம்தான். யாருடைய கட்டுரைகளை எத்தனை பேர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். செல்வப்பிரியாவின் பட்டியலில் அந்த ஒரு கட்டுரையை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் சேர்ந்தும் பெரிதாக ஒன்றும் இல்லை. அது அவளுக்கும் தெரியும், துறைத் தலைவர் கோபிநாத்துக்கும் தெரியும். அந்தக் கட்டுரையில் அவருடைய பெயர் இரண்டாவதாக இருந்தது.

“செல்வா, மறுபடி ஒரு தடவை அங்கே போயிட்டு வாங்க,” என்றார் அவர். “அதே பெண்கள் இப்போ எப்படி இருக்காங்கன்னு பார்த்து ஒரு சின்னக் குறிப்பு எழுதிட்டா, இன்டர்வியூவிலே யாரும் ஒண்ணும் கேட்க முடியாது.”

அதனால்தான் மார்கழியில் அவள் மலையேறினாள். கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பிறகு சின்னாறு வனம். ஒரு மாநிலத்திலிருந்து கிளம்பி இன்னொன்றில் நுழைந்து, மறுபடி முதல் மாநிலத்துக்கே திரும்பி வரும் பாதை அது. மறையூரில் பஸ் நின்றபோது கரும்புச்சாறு காயும் மணம் காற்றில் இருந்தது. தோட்டத்து ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் புகுந்தது. கொஞ்ச தூரத்துக்குப் பிறகு பாதையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்றுகூட அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் மஸ்டர் நேரத்துக்கு முன்பே முகாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ் கட்டடத்தில் மேசை போட்டிருந்தார்கள். முதல் முறை வந்தபோது செல்வப்பிரியா முந்தின இரவே அந்தக் கட்டடத்தில் தங்கி, காலையில் உள்ளேயே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். கதவைத் திறந்துகொண்டு ஒவ்வொரு பெண்ணாக வந்தார்கள், விரலை நீட்டினார்கள், போனார்கள். வெளியே நின்ற வரிசையை அவள் பார்க்கவே இல்லை. இந்த முறை தங்குவதற்கு மேலே ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். அதனால் கீழே இறங்கி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் ஓரமாக, வரிசையில் நின்ற பெண்களைத் தாண்டித்தான் அவள் வரவேண்டியிருந்தது.

பனிக்குள் பெண்கள் ஒருத்தியின் பின் ஒருத்தியாக நின்றார்கள். தலையில் துண்டு, மேலே பழைய ஸ்வெட்டர். முகங்கள் அருகில் போனால்தான் தெரிந்தன. போன பிறகு கலைந்துவிட்டன. அந்த வரிசையின் நடுவில் ஒரு வெளிச்சம்போல ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஒரு அம்மாள் இடுப்பில் அலுமினியப் பானையோடு வரிசையின் ஓரமாக நடந்து, ஒவ்வொருத்திக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகன் வீட்டோடு லயத்தில் இருக்கும் சுருளியம்மாள் அவள்.

“டாக்டரம்மா, மொதல்ல நீங்க பிடிங்க. மூக்கெல்லாம் செவந்து கெடக்கு.”

செல்வப்பிரியா வாங்கிக்கொண்டாள். பால் சேர்க்காத கட்டன் சாயா. சூடு விரல்களுக்குள் இறங்கியது. இந்த அதிகாலையில் எழுந்து, யாரும் கேட்காமல், இத்தனை பேருக்கும் அடுப்பு மூட்டியிருக்கிறாளே என்று மனம் கனிந்து ஒரு வாய் குடித்தாள். இஞ்சிக் காரம். அதன் பின்னாலேயே நாக்கு முழுவதும் இனிப்பு.

டம்ளர் அப்படியே நின்றது.

“அம்மா, இதுல வெல்லம் போட்டிருக்கீங்களா?”

“வெல்லமில்லாமயா? மறையூர் உருண்டையில்ல! அதைப் போட்டாத்தான ஒடம்பு சூடு பிடிக்கும்.”

“எல்லாருக்கும் குடுத்துட்டீங்களா?”

“வாசல் பக்கத்துல இருந்துதான் குடுத்துக்கிட்டு வாறேன். மொதல்ல உள்ள போறவளுக்குத்தான மொதல்ல குடுக்கணும்? அவதான ரத்தம் குடுக்கப் போறா.”

“யாரும் ஒண்ணும் சாப்பிடாம வரணும்னு சொல்லியிருந்தமேங்க…”

“யாரு சாப்பிட்டா?” சுருளியம்மாள் வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். “ஏட்டி ஆனந்தி, நீ சாப்பிட்டியா?”

“இல்லத்தா. ராத்திரி கஞ்சி குடிச்சதோட சரி.”

“கேட்டுக்கிட்டீகளா? ஒருத்தி வாயிலயும் ஒரு பருக்கை படல.”

“இல்லீங்கம்மா, இதையும் குடிக்கக் கூடாது…”

“கட்டன்மா இது!” என்றாள் சுருளியம்மாள், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல. “முனீஸ்வரனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கையில, பச்சைத் தண்ணி பல்லுல படாம இருக்கறவகூட இதைக் குடிப்பா. சாமியே கோவிச்சுக்கிடல. உங்க மிஷினு கோவிச்சுக்கிடுமாக்கும்?”

வரிசை முழுவதும் சிரித்தது. பனிக்குள்ளிருந்து முகமில்லாமல் சிரிப்பு மட்டும் வந்தது. செல்வப்பிரியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, தான் கேட்க வேண்டிய அடுத்த கேள்வியின் பதில் தனக்குத் தெரிந்துவிட்டதை உணர்ந்தாள்.

“நாங்க மொத தடவை வந்தப்பவும்… குடுத்தீங்களா?”

“பின்னே? அன்னைக்கு இதைவிடப் பனி. பொம்பளைகள வெளிய நிக்க வச்சுட்டு நீங்க பாட்டுக்குக் கதவை அடைச்சுக்கிட்டீக. பாக்கப் பொறுக்கல. மூணு நாளும் நான்தான் போட்டுக் குடுத்தேன்.” அவள் முகத்தில் பெருமை மலர்ந்தது.

அந்தப் பெருமை நியாயமானது. நடுங்கி நிற்கிறவர்களைப் பார்த்து அடுப்பு மூட்டுகிற மனதைக் கடவுள் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. செல்வப்பிரியாவும் அந்த நொடியில் அதைத்தான் நினைத்தாள். ஆனால் அவள் காலடியில் மலை மெல்ல நகர்வதுபோலவும் இருந்தது.

அன்றைய முகாமை நிறுத்தினாள். நாளைக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும், கட்டனும் கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

“நாளைக்கும் நிக்கணுமா? வேலைக்குப் பிந்துனா தோட்டத்துக் கண்டக்டர் எங்கள வையுவாரும்மா.”

“அவருகிட்ட நான் சொல்றேங்க.”

“நீங்க சொல்லிட்டுப் போயிருவீக. வசவு வாங்கறது நாங்கல்ல!”

அன்று பகலில் அவள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தாள். என்ன செய்வதென்று தெரியாத நடை. மேகம் இறங்கியது, விலகியது. விலகும்போது எதிர்ச் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். மூடும்போது யாருமே இல்லை. ஒருவேளை கட்டன் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. ஒருவேளை வெல்லம் குறைவாக இருந்திருக்கும். ஒருவேளை… அந்த ஒருவேளைகளும் மேகம் மாதிரியே வந்து வந்து கலைந்தன.

அப்போது யாரோ அலறினார்கள். ஓடிப் போய்ப் பார்த்தாள். ஆனந்தி கூடையோடு செடிமேல் சாய்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, கண்கள் எங்கோ பார்த்தன.

“எப்பவும் இப்படித்தாம்மா,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “சுகர் மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்து மதியத்துக்கு இவளுக்குக் கண்ணக் கட்டிரும். நோயி முத்திருச்சுன்னு சொல்றா.”

செல்வப்பிரியா பையிலிருந்து மிஷினை எடுத்து விரலில் குத்தினாள். ஐம்பத்திரண்டு. மிகவும் குறைவு. இருந்த மிட்டாயை வாயில் போட்டு, மடியில் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டாள். கட்டுரை வெளிவந்த பிறகு, அதைப் படித்த யாரோ நல்ல மனதோடு ஏற்பாடு செய்ய, தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். முன்பு அதைக் கேட்டபோது அவள் மகிழ்ந்திருந்தாள். இந்தப் பெண்ணுக்கு நோய் முற்றவில்லை. நோயே இல்லாமல் இருந்திருக்கலாம்.

சிறிது நேரத்தில் ஆனந்தி கண் திறந்தாள். “கொழுந்து கொட்டிருச்சாம்மா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

அந்தக் கேள்வியில் ஒருவேளைகள் எல்லாம் முடிந்துபோயின.

மறுநாள் காலை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தார்கள். அவளுடைய பழைய கணக்கில் நோயாளி என்று குறிக்கப்பட்டு, ஆனால் மாத்திரையை வாங்கி டப்பாவில் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமலேயே இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தாள். எண்பத்தெட்டு. தொண்ணூற்றிரண்டு. எண்பத்தைந்து. மிஷின் அமைதியாக, பிடிவாதமாக, நல்ல செய்தியையே சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே நோய் இருந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனைக்கும் எல்லாரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டாள். அது வந்தால் இன்னும் உறுதியாகும். அவளுக்கு அது வரை காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. நோய் என்று தப்பாக எழுதிவிட்டோம், இனி அந்த மாத்திரையைப் போட வேண்டாம் என்று ஆனந்தியிடமும் அவளைப் போன்றவர்களிடமும் அப்போதே சொல்லிவிட்டாள்.

எல்லாரும் போன பிறகு சுருளியம்மாள் வந்து வாசலில் நின்றாள். கையில் பானை இல்லை.

“டாக்டரம்மா. ஆனந்தி சொன்னா. தப்பா நோயின்னு எழுதிட்டாகன்னு.” அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். “என்னாலயாத்தா?”

செல்வப்பிரியா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லி இந்த மனதை உடைக்கவும் வரவில்லை.

“ஏனுங்கம்மா, நான் கதவத் தொறந்து வெளிய வந்து ஒரு தடவை பாத்திருந்தா, நீங்க என்ன குடுக்கறீங்கன்னு தெரிஞ்சிருக்குமல்ல?”

“தெரிஞ்சிருக்கும்.”

“நான் வரலைங்க. உள்ள கதகதன்னு உக்காந்துட்டேன். கேக்க வேண்டியது என்ற வேலை. குளுருக்குக் குடுத்தது உங்க மனசு. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க.”

“இனிமே நான் கட்டன் போடல.”

“போடுங்க. குத்தி முடிச்சு வெளிய வர்றவங்களுக்குக் குடுங்க. இப்பக்கூட எல்லாரும் வெறும் வயித்தோடதான் வேலைக்குப் போயிட்டிருக்காங்க.”

சுருளியம்மாள் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தாள். பிறகு, “அட, ஆமால்ல!” என்று லயத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

திரும்பும்போது சின்னாறு வனத்தில் பஸ் யானைக்காக நின்றது. யானை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் எல்லாரும் பேசாமல் காத்திருந்தார்கள். செல்வப்பிரியாவின் கண்கள் தாமாக மூடின. அரைத்தூக்கத்தில் ஓர் இருண்ட மலை தெரிந்தது. அதன் சரிவெங்கும் சின்னச் சின்ன விளக்குகள். ஒவ்வொன்றும் ஓர் ஊர். லிமா, நைரோபி, ஹனோய். ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் பின்னால், அவர்கள் திரும்பிப் பார்க்காத ஒரு கதவு. கதவுக்கு வெளியே பனியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அந்தக் கதவுகளை யாராவது திறக்கச் சொல்லுங்கள் என்று அவள் கத்தினாள். பஸ் உலுக்கிப் புறப்பட்டது.

அடுத்த வாரம் ஆய்வகத்திலிருந்து முடிவும் வந்தது. அதையும் எடுத்துக்கொண்டு கோபிநாத்தின் அறைக்குப் போனாள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இன்டர்வியூ எப்போன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்குதுங்க சார்.”

“முடியட்டும். அப்புறமா எழுதிக்கலாம். அதுக்குள்ளே உலகம் ஒண்ணும் கவிழ்ந்துடாது.”

“அப்புறம் எழுதினா, தெரிஞ்சுட்டே உக்காந்திருந்தோம்னு ஆயிருமுங்க.”

“சரி. எழுதணும்னா இப்படி எழுதுங்க. தோட்டத்திலே ஒரு உள்ளூர்ப் பெண், எங்களுக்குத் தெரியாமல், ரத்தம் கொடுக்க வந்தவங்களுக்கு இனிப்பு பானம் கொடுத்துட்டாங்க. அதுதானே உண்மை? நம்ம மேலே எந்தக் கறையும் வராது.”

“உண்மைதானுங்க. ஆனா அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில அதப் படிப்பாங்க. மேனேஜர் படிப்பாரு. அந்த அம்மா அந்த லயத்துலதான் இருந்தாகணும். நாம கேக்காம விட்டோம்னு எழுதினா அதுவும் உண்மைதானுங்களே.”

“அந்த அம்மாவுக்காக என் பேரையும் நீங்க கொண்டுபோய்…” அவர் குரல் உயர்ந்தது. “முப்பது வருஷ சர்வீஸிலே என்னை நாலு பேருக்குத் தெரியும்னா இந்த ஒரு பேப்பராலேதான், தெரியுமா? நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

செல்வப்பிரியாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரும் விடியற்காலையில் ஊர்ப் பெயர்களைப் பார்க்கிறவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் ஆய்வக முடிவுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அவர், வேறு யாரோ கேட்பதுபோல, தாழ்ந்த குரலில் கேட்டார்: “அந்தப் பொண்ணு மயங்கினப்போ எவ்வளவு இருந்தது?”

“அம்பத்திரண்டுங்க சார்.”

“மலைச்சரிவிலேயா?”

“ஆமாங்க.”

“தனியா இருந்திருந்தா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொலைபேசியை எடுத்துத் தோட்டத்து டிஸ்பென்சரியைப் பிடித்தார். யாருக்கும் இனி அந்த மாத்திரை கொடுக்க வேண்டாம், ஒவ்வொருவரையும் புதிதாகப் பரிசோதித்த பிறகுதான் என்று மலையாளத்தில் பொறுமையாக இரண்டு முறை சொன்னார். வைத்துவிட்டு, “எங்கே போடணும்?” என்று கையை நீட்டினார்.

இதழுக்கு அனுப்பிய குறிப்பு சிறியது. பரிசோதனைக்கு வந்தவர்கள் உண்மையில் வெறும் வயிற்றில் இருந்தார்களா என்பதை ஆய்வாளர்கள் உறுதி செய்யத் தவறினார்கள். மறுபரிசோதனையில் பழைய முடிவு தவறு என்று தெரிகிறது. எனவே கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். அவ்வளவுதான். யாருடைய பெயரும் அதில் இல்லை, எழுதியவர்களுடையதைத் தவிர. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அவள் கண்ணை மூடி மாரியம்மனை நினைத்தாள். பதவியைக் கேட்கவில்லை. இதை அனுப்பும் துணிவை மட்டும் கேட்டாள். கண்ணைத் திறந்து அழுத்தினாள்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அவளுடைய பட்டியலை இரண்டு முறை படித்தார்.

“இது என்ன, திரும்பப் பெற்ற கட்டுரையையும் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள்? யாரும் அதை எழுத மாட்டார்களே.”

“அதுவும் நான் எழுதுனதுதானுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவர் நல்லவர், உழைப்பாளி. செல்வப்பிரியா அவரைத் தேடிப் போய் வாழ்த்தினாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு அழவும் செய்தாள். சின்னத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

“இனி அந்த வியட்நாம்காரங்கெல்லாம் உன்ற பேர எழுத மாட்டாங்களா?”

“மாட்டாங்கம்மா.”

“கெடக்கறாங்க போ. எந்திரிச்சு ரெண்டு வாய் சோறு தின்னு.”

அழுது முடித்த பிறகு அவள் ஒரு வேலையைத் தொடங்கினாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டதாக இதழ் அறிவித்தாலும், ஏற்கெனவே படித்தவர்கள் எல்லாரும் அந்த அறிவிப்பைப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. பழைய தவறு நல்ல மனிதர்களின் கைகளில் இன்னும் நடந்துகொண்டே இருக்கும். அதனால் தன்னை எடுத்துக்காட்டிய ஒவ்வொருவருக்கும் அவளே எழுதினாள். தினமும் கல்லூரி முடிந்து, பஸ் வரும்வரை, கைபேசியில் சிலருக்கு. முன்பு ஊர்ப் பெயராக மட்டும் இருந்தவர்களுக்கு இப்போது ஒவ்வொருவராக முகம் வந்தது. பலர் பதில் போடவில்லை. சிலர் ஒரு வரி நன்றி எழுதினார்கள். ஒருவர், என் மூன்று வருட உழைப்பை வீணாக்கிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தார். அதற்கு அவள் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினாள். அது அவளுக்கு வலித்தது. நியாயமான வலிதான் என்று தாங்கிக்கொண்டாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள், கல்லூரி வேலையாகப் பாலக்காட்டுக்குப் போகச் சித்தூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தாள். நல்ல வெயில். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“டொக்டர் செல்வப்பிரியாவா? நான் தர்ஷினி. நுவரெலியாவில இருந்து கதைக்கிறன்.” தெளிவான, கொஞ்சம் கூச்சமான குரல். இலங்கைத் தோட்டப்புறத்தில் வேலை செய்யும் மருத்துவர். “உங்கட மின்னஞ்சல் எனக்குக் கிடைச்சுது. இங்கயும் கொழுந்து பறிக்கிற ஆக்கள்தான். உங்கட கட்டுரையைப் பார்த்துத்தான் நாங்களும் ரத்தம் பார்த்தம். அளவு கூடவாத்தான் வந்துச்சு. அடுத்த கிழமை மாத்திரை குடுக்கத் தொடங்க இருந்தம். எல்லாத்தையும் நிப்பாட்டிட்டன்.”

எதிரே பாலக்காடு பஸ் வந்து நின்றது. கூட்டம் ஏறியது.

“டொக்டர், கேக்குதா?”

“கேக்குதுங்க. சொல்லுங்க.”

“மறுபடி முதல்ல இருந்து செய்யப் போறம். அதைப் பற்றி எழுதும்போது உங்கட பேரைப் போடலாமா? கட்டுரையை இல்ல. பிழை என்று சொன்னீங்களே, அந்தக் குறிப்பைத்தான் எடுத்துக்காட்ட விரும்புறம்.”

எந்தப் பட்டியலிலும் அது ஒரு மேற்கோளாகக் கணக்கில் வராது. திரும்பப் பெற்ற கட்டுரைக்குக் கிடைப்பதைத் தேர்வுக் குழுக்கள் எண்ணுவதில்லை. செல்வப்பிரியாவுக்கு அது நன்றாகத் தெரியும். கடவுள் தரும் பெரிய ஆறுதல்கள் பல நேரம் இப்படிக் கணக்குக்கு வெளியேதான் வந்து நிற்கின்றன. வெயிலில் கண்கள் கூசின, நிறைந்தன.

“போடுங்க,” என்றாள். “தாராளமாப் போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி நீங்க எப்படிச் செய்யப் போறீங்கன்னு எனக்குச் சொல்லுங்க. நானும் கூட இருந்து யோசிக்கறேன்.”

பஸ்ஸின் படியில் நின்ற கண்டக்டர் அவளைத் தெரிந்தவர். “டாக்டரே, வர்றீங்களா, போகட்டுமா?” என்று கூப்பிட்டார். அவள் கையை அசைத்துப் போகச் சொன்னாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. நிலையம் திடீரென்று காலியாகி, அமைதியாகி, ஒரு கனவின் நடுப்பகுதி மாதிரி ஆயிற்று. அவள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கைபேசியைக் காதோடு நன்றாக அணைத்துக்கொண்டு கேட்டாள்:

“முதல்ல இதச் சொல்லுங்க, தர்ஷினி. ரத்தம் குடுக்க வர்றவங்களோட வரிசை எங்க நிக்கும்? உள்ளயா, வெளியிலயா?”